முதுகுப் பையில் ஒரு மார்ஷல்

ஒலிபெருக்கி என்ற ஒரே சொல்லை வைத்துக்கொண்டு தமிழில் நாம் இரண்டு சாமான்களைச் சமாளித்து வருகிறோம். மின்னலையைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபயரும் ஒலிபெருக்கி. அதைக் காற்றில் கொண்டுவந்து கொட்டும் ஸ்பீக்கரும் ஒலிபெருக்கி. கோயில் கொடைக்கு மைக் செட் கட்டுகிறவருக்கு இதனால் நஷ்டம் இல்லை. எலெக்ட்ரிக் கிதார் வாசிப்பவருக்கு உண்டு. அவருக்கு இந்த இரண்டும் வெறும் பெருக்கிகள் அல்ல, வாத்தியத்தின் பாதி. வீணைக்குக் குடம் எப்படியோ அப்படி. குடத்தை மாற்றினால் வீணையின் குரலே மாறிவிடும்.

இந்த விஷயம் என் வீட்டு விவகாரம் ஆனது விக்ரோலியில். பார்க்சைட்டில் குடியிருக்கும் என் அக்காவின் மகன் பகலில் பவாயில் ஓர் அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறான். மாலையிலும் விடுமுறையிலும் ஒரு மெல்லிசைக் குழுவில் கிதார் வாசிக்கிறான். பொங்கல் விழா, கல்யாண வரவேற்பு, மாதா கோயில் திருவிழா, மழைக்காலத்தில் கணபதி என்று தாராவி, சயான், செம்பூர் வட்டாரத்தில் ஆண்டுக்கு முப்பது மேடைகள் கிடைக்கும். கிதாரின் சத்தம் மட்டும் ஒவ்வொரு மேடையிலும் ஒவ்வொரு மாதிரி வந்தது. ஓரிடத்தில் தகரத்தைத் தட்டுவது போல, இன்னோரிடத்தில் போர்வைக்குள்ளிருந்து பேசுவது போல. குழுவை நடத்துகிறவர் நல்ல மனிதர்தான், ஆனாலும் ஒரு நாள் சொல்லிவிட்டார்: "தம்பி, இப்படியே போனா உன் பாகத்தையும் கீபோர்டிலயே வச்சுக்கலாம்னு இருக்கேன்."

இதை வெறும் மிரட்டல் என்று தள்ளிவிட முடியாது. சிந்தசைசர்கள் வந்தபின் மெல்லிசைக் குழுக்களில் வயலின், குழல், அக்கார்டியன் கலைஞர்கள் ஒவ்வொருவராக இறங்கிப் போனது நம் கண் முன்னால் நடந்ததுதான். இப்போது பாட்டே இல்லாத பாட்டு, அதாவது பாடகரை மட்டும் நீக்கிய டிராக், கைபேசியிலேயே கிடைக்கிறது. மேடையில் கிதார்காரர் எதற்கு என்ற கேள்விக்கு அவருடைய சத்தம்தான் பதில் சொல்லியாக வேண்டும்.

அக்கா சீட்டு எடுத்த எண்பதாயிரம் ரூபாய் இருந்தது. "அவன் சொல்ற மெஷின் பார்க்க டிபன் பாக்ஸ் மாதிரி இருக்குடா. அதுக்கா இவ்வளவு? நீ கூடப் போய்ப் பாரு" என்றாள். தமிழ் எம்.ஏ. படித்து, மொழிபெயர்த்துப் பிழைக்கிறவனுக்கு ஆம்ப்ளிஃபயரில் என்ன தெரியும்? ஆனால் தடித்தடி ஆங்கிலக் கையேடுகளைப் பொறுமையாகப் படிக்கத் தெரியும். படித்தேன்.

கதை வால்வு காலத்தில் தொடங்குகிறது. லண்டனில் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷல் 1962ல் தன் பெயரில் ஆம்ப் தயாரிக்க ஆரம்பித்தார். கண்ணாடி வால்வுகளை அவற்றின் சக்திக்கு மேல் விரட்டும்போது சத்தம் கரகரக்கிறது. பொறியாளர் கணக்கில் அது குறை. கிதார்காரர்களோ அந்தக் குறையைத்தான் விரும்பினார்கள். 1964ல் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் ஒரு சின்ன ஆம்பின் ஸ்பீக்கர் காகிதத்தை பிளேடால் கிழித்து அந்தக் கரகரப்பை உண்டாக்கினார். அந்தப் பாட்டு உலகம் முழுக்க ஓடியது.

ஆனால் வால்வு ஆம்பின் அழகு, சத்தத்தை உயர்த்தினால்தான் வெளிப்படும். அதோடு கனம். ஃபெண்டர் ட்வின் ரிவெர்ப் கிட்டத்தட்ட 29 கிலோ. வாக்ஸ் ஏசி 30 அதற்கும் மேல். விக்ரோலியில் ஸ்லோ வண்டி மட்டுமே நிற்கும். மாலை நேரத்தில் 30 கிலோப் பெட்டியோடு அதில் ஏறி, காட்கோபர், வித்யாவிஹார், குர்லா தாண்டி சயானில் இறங்கிக் காட்டுகிறவருக்குத் தனியாக ஒரு பொன்னாடை போர்த்தலாம்.

இந்தக் கனத்துக்குத் தீர்வாக வந்ததே மாடலர். வால்வு, டிரான்ஸ்ஃபார்மர், பெட்டி, மைக் எல்லாம் சேர்ந்து கிதார் ஒலியை என்ன செய்கின்றனவோ அதைக் கணிதமாக எழுதி ஒரு சில்லுக்குள் வைத்துவிடுவது. அமெரிக்காவின் லைன் 6 கம்பெனி 1996ல் இந்த முறையில் ஓர் ஆம்பையும், 1998ல் அவரை விதை வடிவத்தில் சிவப்பாக பாட் என்ற பெட்டியையும் கொண்டுவந்தது. 2006ல் ஃப்ராக்டலின் ஆக்ஸ்-எஃப்எக்ஸ். பிறகு ஜெர்மனியின் கெம்பர். கெம்பர் வேறு வழியில் போனது: உண்மையான ஓர் ஆம்புக்குள் சோதனை ஒலிகளை அனுப்பி, வெளியே வருவதைக் கேட்டு, அதன் குணத்தைப் படித்துக்கொள்வது. 2018ல் வந்த லைன் 6 எச்எக்ஸ் ஸ்டாம்ப் ஒன்றேகால் கிலோகூட இல்லை. முதுகுப் பையில் ஒரு மார்ஷல், ஒரு வாக்ஸ், ஒரு ஃபெண்டர்.

"நிஜ ஆம்ப் மாதிரியே இருக்குமா மாமா?" என்று மருமகன் கேட்டான். என் தொழிலில் இது பழைய கேள்வி. மூலத்தைப் போலவே இருக்கிறதா என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பவர் மொழிபெயர்ப்பாளரும் பதிப்பாசிரியரும் மட்டும்தான். வாசகர் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. அது ஓட வேண்டும். பந்தலில் உட்கார்ந்திருப்பவரும் அப்படியே. எனவே கடையில் 'எது அச்சு அசல்' என்று கேட்பதை விட்டுவிட்டு, 'எது பாட்டுக்குள் உட்காருகிறது' என்று கேட்பதாக முடிவு செய்தோம்.

அப்போது ஒன்று புரிந்தது. இந்தப் பெட்டிகளில் நூறு ஆம்ப் இருந்தாலும் தமிழ் மெல்லிசைக்கு நான்கு குரல்கள் போதும். இளையராஜாவே 1976ல் 'அன்னக்கிளி'க்கு இசையமைக்கும் முன் கிதார் வாசித்துப் பிழைத்தவர்; அவர் பாட்டுகளில் கிதார் பெரும்பாலும் தெளிந்த நீர் போல ஓடும். ஆகவே ஒரு தெளிவான குரல்; அதிலேயே அலையடிப்பது போன்ற கோரஸ் சேர்த்தது ஒன்று; தாளம் பிடிக்க லேசான கரகரப்பு; தனி ஆவர்த்தனத்துக்கு நீண்டு நிற்கும் ஒன்று. இதைத் தெரிந்துகொண்டதில் பட்டியலில் இருந்த விலை உயர்ந்த பெட்டிகள் பாதி கழிந்தன.

பணத்தை உண்மையில் தின்பது ஸ்பீக்கர். கிதார் ஸ்பீக்கர் சாதாரண ஸ்பீக்கர் அல்ல. செலஷன் கம்பெனியின் விண்டேஜ் 30 என்ற 12 அங்குல ஸ்பீக்கர் 70 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரைதான் ஒழுங்காகப் பேசும். நம் காது 20,000 வரை கேட்கக் கூடியது. மேலே உள்ள கீச்சொலியை இந்த ஸ்பீக்கர் முறம் போலப் புடைத்துத் தள்ளிவிடுகிறது. அதனால்தான் கரகரப்பு இனிக்கிறது. மாடலருக்குள்ளும் இந்த முறத்தின் வேலையைச் செய்யும் ஒரு பகுதி உண்டு. கேபினெட் சிமுலேஷன் என்பார்கள். மாடலரை கிதார் ஸ்பீக்கரில் கொடுத்தால் இதை அணைக்க வேண்டும். இல்லையேல் இரண்டு முறை புடைத்து, போர்வைக்குள்ளிருந்து வரும் சத்தம். பாட்டு மேடையின் முழுவீச்சு ஸ்பீக்கரில் கொடுத்தால் இதை அவசியம் போட வேண்டும், இல்லையேல் தேனீக்கூட்டம். மருமகனின் மேடைக்கு மேடை மாறிய சத்தத்துக்குக் காரணம் இந்த ஒற்றைச் சுவிட்ச்தான். அவன் இரவல் வாங்கி வாசித்துக்கொண்டிருந்த பழைய பெட்டியில் அதை அணைத்துப் போடுவது யார் என்று யாருக்கும் தெரியவில்லை.

மேடைக்கு மூன்று வழிகள் உண்டு. மாடலருக்குத் தனி பவர் ஆம்பும் கிதார் ஸ்பீக்கர் பெட்டியும் வைப்பது முதல் வழி. கைக்கும் காதுக்கும் பிடித்தமானது, ஆனால் மறுபடி சுமை. மாடலரை நேராக மிக்சரில் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு நிற்பது இரண்டாவது. சுமையே இல்லை, ஆனால் சவுண்ட் சர்வீஸ்காரர் மானிட்டர் வைக்காவிட்டால் தன் வாசிப்பு தனக்கே கேட்காது. மூன்றாவது, முழுவீச்சு பவர்டு ஸ்பீக்கர் ஒன்றைக் காலடியில் சாய்த்துவைத்து அதில் தான் கேட்பது, மிக்சருக்கு இன்னொரு ஒயர் அனுப்புவது.

கேட்பது என்பது சின்ன விஷயமல்ல. சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மாதவி ஆடிய மேடை ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம். நம் கணபதி மேடைகளும் ஏறக்குறைய அவ்வளவுதான். அந்த மேடையில் குழலைப் பின்பற்றி யாழ், யாழைப் பின்பற்றித் தண்ணுமை, அதன் பின்னால் முழவு என்று இளங்கோ வரிசை சொல்கிறார். ஒருவரை ஒருவர் கேட்டால்தானே பின்பற்ற முடியும்? மூன்றாம் வழியையே தேர்ந்தோம்.

ஸ்பீக்கர் வாங்கும்போது அட்டைப் பெட்டியில் அச்சிட்ட வாட் கணக்கைப் பார்த்து மயங்கக் கூடாது. பெரும்பாலும் அது ஒரு நொடித் துளிக்கு எட்டும் உச்சம். வாட்டை இரட்டித்தால் கூடுவது 3 டெசிபல்தான். இன்னொன்று, கிதாருக்கென்றே பெயர் போட்டு விற்கும் முழுவீச்சுப் பெட்டிக்கும் சாதாரண மேடை மானிட்டருக்கும் உள்ளே பெரிய வேற்றுமை கிடையாது. ஆகவே குழுவில் பாடகருக்கும் கீபோர்டுக்கும்கூட உதவுகிற 10 அங்குலப் பெட்டி ஒன்றைப் பார்த்தோம். குழுக்காரர் பாதிப் பணம் போடச் சம்மதித்தார்.

கடையில் மருமகன் ஹெட்ஃபோனில் கேட்டுத் தலையாட்டினான். அது போதாது. 1933லேயே ஃப்ளெட்சர், மன்சன் என்ற இருவர் கண்டு சொன்னது இது: சத்தம் குறையும்போது காது அடித்தொனியையும் கீச்சையும் குறைவாகவே கேட்கிறது. இரவில் மெதுவாக வைத்து அழகுபடுத்திய குரல் மேடையில் உயர்த்தினால் முழங்கும், குத்தும். எனவே செம்பூரில் குழு ஒத்திகை பார்க்கும் கூடத்துக்கே பெட்டிகளைக் கொண்டுபோய், டிரம்ஸ் அடிக்க அடிக்க நான்கு குரல்களையும் வைத்தோம். தனியாகக் கேட்டபோது மெலிந்திருந்த ஒன்றுதான் எல்லோரும் வாசித்தபோது தெளிவாக எழுந்து வந்தது.

சத்தத்துக்குச் சட்டமும் இருக்கிறது. 2000ம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகல் அளவு 55 டெசிபல், இரவில் 45. பொது இடத்து ஒலிபெருக்கி எந்த நிலையிலும் எல்லையில் 75ஐத் தாண்டக் கூடாது. இரவு பத்துக்கு மேல் நிறுத்த வேண்டும். விழாக்காலச் சில நாட்களுக்கு மட்டும் மாநில அரசு தளர்வு தரலாம். நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். விண்டேஜ் 30 ஸ்பீக்கர் ஒரே ஒரு வாட்டில் ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தருகிறது. திறந்தவெளியில் தூரம் இரட்டிக்கும்போதெல்லாம் 6 குறையும். 16 மீட்டரில் 76. அதாவது ஒரு வாட்டே சட்டத்தைத் தொட்டுவிடுகிறது. வால்வு ஆம்பை விரட்டி வாசிக்க தாராவிச் சந்தில் இடமேது? சத்தத்தைக் குறைத்தாலும் குரல் மாறாத மாடலர் இங்கே சொகுசுப் பொருள் அல்ல.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்றைக் கடைகளில் சொல்வதில்லை. 1972ல் வேல்ஸின் ஸ்வான்சீயில் லெஸ் ஹார்வி என்ற கிதார் கலைஞர், எர்த் சரியில்லாத மைக்கைத் தொட்டு மேடையிலேயே இறந்துபோனார். நம் கணபதி வருவதோ மழையில். நனைந்த பலகை, ஜெனரேட்டர், எங்கெங்கிருந்தோ இழுத்த ஒயர்கள். உறுமல் வருகிறது என்று பிளக்கின் மூன்றாவது பின்னை ஒடித்துப் போடுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். உறுமலுக்கு மருந்து வேறு: டிஐ பாக்ஸில் கிரவுண்ட் லிஃப்ட் சுவிட்ச் இருக்கிறது, மேடைச் சாமான்கள் அனைத்துக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுக்கலாம். பட்டியலில் நான் பிடிவாதமாகச் சேர்த்தவை இரண்டு: நல்ல டிஐ பாக்ஸ், எர்த் சோதிக்கும் சின்ன பிளக். மருமகன் அந்தப் பணத்தில் இன்னொரு பெடல் கேட்டான். "பெடல் அடுத்த வருஷம்டா, நீ இருந்தா வாசிக்கலாம்" என்றேன். அக்கா என் பக்கம் நின்றாள்.

கணபதியின் ஐந்தாம் நாள் தாராவியில் முதல் மேடை. சோதனை பிளக்கில் சிவப்பு எரிந்தது. சவுண்ட் சர்வீஸ்காரர் முணுமுணுத்துக்கொண்டே வேறு லைன் கொடுத்தார். மூன்றாவது பாட்டில் கிதார் தனியாக வந்தது. கூட்டத்தில் யாரும் ஆம்பைப் பற்றி நினைக்கவில்லை. ஒரு பெரியவர் கூடவே முணுமுணுத்துப் பாடினார். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது குழுக்காரர் கை காட்டினார். பை முதுகில் ஏறியது, ஸ்பீக்கர் கீபோர்டோடு டெம்போவில் போயிற்று. மருமகன் சயானில் ரயில் ஏறி, நின்றுகொண்டே விக்ரோலிக்கு வந்தான்.

குழுக்காரர் தீபாவளி நிகழ்ச்சிக்கான பட்டியலில் அவன் பெயரை எழுதிவிட்டார். சீட்டுக்கு இன்னும் ஏழு தவணை பாக்கி இருக்கிறது.