அண்ணனுக்காக வசூல் செய்த பணம்: கணக்கும் நடந்ததும்

 

மூன்று மாசத்துக்கு முன்னாடி நம்ம கோவில் குழுவில ஒரு கியூஆர் கோட் போட்டு, சமையல்கட்டு அண்ணனுக்கு புற்றுநோய், உதவி செய்யுங்கன்னு கேட்டிருந்தோம். 23,460 வெள்ளி சேர்ந்தது. அந்தப் பணம் என்ன ஆச்சுன்னு நிறைய பேர் கேட்கிறாங்க. கேட்க உரிமை இருக்கு. பதில் நீளம்தான், பொறுமையா படிங்க.

அண்ணனை எல்லாருக்கும் தெரியும். 67 வயசு, லாரி ஓட்டி ஓய்வு பெற்றவர். சனிக்கிழமை அன்னதானத்துக்கு விடியற்காலை 5 மணிக்கே அடுப்பு மூட்டி நிப்பார். போன வருஷம் தைப்பூசத்துக்கு பத்துமலையில நம்ம தண்ணீர்ப் பந்தல்ல ரெண்டு ராத்திரி தூங்காம நின்னவர். அதுக்கப்புறம்தான் இடுப்பு வலின்னு சொல்ல ஆரம்பிச்சார். அண்டா தூக்கினதாலன்னு நாங்களும் நினைச்சோம். எண்ணெய் தேய்ச்சோம், பிரிக்பீல்ட்ஸ்ல மசாஜ் கடைக்கு கூட்டிட்டுப் போனோம். ராத்திரி நாலு தடவை சிறுநீர் கழிக்க எழுந்தாராம், அதை மட்டும் யார்கிட்டயும் சொல்லல. வயசாச்சுன்னு விட்டுட்டார். கால் மரத்துப் போனதும்தான் ஆஸ்பத்திரி. ரத்தத்துல பிஎஸ்ஏ 340 தாண்டியிருந்தது. சதை டெஸ்டும் எலும்பு ஸ்கேனும் எடுத்துப் பார்த்து, புரோஸ்டேட் புற்றுநோய் முதுகெலும்புக்கு பரவியிருக்கு, நாலாம் கட்டம்னு சொல்லிட்டாங்க.

அரசாங்க ஆஸ்பத்திரியில மூணு மாசத்துக்கு ஒரு ஹார்மோன் ஊசி ஆரம்பிச்சாங்க. ஸ்பெஷலிஸ்ட் கிளினிக்ல 5 வெள்ளிதான் கட்டணம். அந்த 5 வெள்ளிதான் எங்க எல்லாரையும் ஏமாத்திச்சு. இவ்வளவு பெரிய வியாதிக்கு இவ்வளவு மலிவா மருந்து இருக்குமான்னு மனசு நம்பல.

அந்த நேரம் பார்த்து புலனத்துல ஒரு செய்தி சுத்திச்சு. அமெரிக்காவின் முன்னாள் அதிபர் ஜிம்மி கார்ட்டருக்கு மூளை வரைக்கும் பரவின புற்றுநோய் ஒரே ஊசியில மறைஞ்சிருச்சு, அதுக்குப் பேர் இம்யூனோதெரபி, கீமோ இல்லை, முடி கொட்டாதுன்னு. அண்ணன் மகன் தேடிப் பார்த்து ஒரு இடத்தைக் கண்டுபிடிச்சார். ரத்தம் எடுத்து, நோய் எதிர்ப்பு செல்லை வளர்த்து, திரும்ப உடம்புல ஏத்துவாங்களாம். ஆறு தடவைக்கு 180,000 வெள்ளி. வீட்டு கிராண்டை பேங்க்ல வைக்க மகன் ரெடி. மிச்சத்துக்குத்தான் நாங்க கியூஆர் கோட் போட்டோம். யாரும் எங்களை வற்புறுத்தல, நாங்களே நம்பித்தான் போட்டோம்.

அதைவிடப் பெரிய தப்பு ஒண்ணு நடந்தது. அந்த இடத்து ஆள், ஹார்மோன் ஊசி எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும், நிறுத்திட்டு வாங்கன்னு சொல்ல, அண்ணன் ரெண்டாவது ஊசிக்குப் போகவே இல்லை. எங்களுக்குத் தெரிஞ்சும் சும்மா இருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பிரசாதம் கொடுக்கும்போது, ஓய்வு பெற்ற மிஸ்ஸி அக்கா ஒருத்தர் (பெயர் போட வேண்டாம்னு சொன்னாங்க) எங்களைத் தனியா கூப்பிட்டு விளாசிட்டாங்க. "அந்த ஊசியை நிறுத்தச் சொல்ல நீங்க யாரு? டாக்டரை ஒரு வார்த்தை கேட்டீங்களா?" நாங்க வாயைத் திறக்கல. மறு வாரமே அண்ணன், அவர் மகன், மிஸ்ஸி அக்கா, எங்கள்ல ரெண்டு பேர்னு புற்றுநோய் டாக்டர் முன்னாடி போய் உட்கார்ந்தோம்.

டாக்டர் கோபப்படல. கார்ட்டர் கதை உண்மைதான்னாங்க. ஆனா அவருக்கு வந்தது மெலனோமா, அது தோலில் தொடங்குற வேற புற்றுநோய். 2015ல் அவருக்கு கல்லீரல்ல ஆபரேஷன், மூளைக்கு ரேடியேஷன், அதோட சேர்த்துத்தான் பெம்ப்ரோலிசுமாப் என்ற அந்த மருந்து. புலனத்துல வந்தவன் ஆபரேஷனையும் ரேடியேஷனையும் வெட்டிட்டு அனுப்பியிருக்கான். கார்ட்டர் 100 வயசு வரை இருந்து 2024 டிசம்பர்லதான் காலமானார்.

எங்களுக்குப் புரிஞ்ச வகையில சொல்றோம். உடம்புல டி செல்னு காவல்காரங்க இருக்காங்க. அவங்க சொந்த உடம்பையே அடிச்சிடக் கூடாதுன்னு ஒரு பிரேக் இருக்கு. சில புற்றுநோய் அந்த பிரேக்கை மிதிச்சுக்கிட்டே ஒளிஞ்சிருக்கும். பிரேக்கை எடுத்து விடுறதுதான் இந்த மருந்துங்க வேலை. இதைக் கண்டுபிடிச்சதுக்கு அமெரிக்காவின் ஜேம்ஸ் அலிசன், ஜப்பானின் தசுக்கு ஹோஞ்சோ ரெண்டு பேருக்கும் 2018ல் நோபல் பரிசு கிடைச்சது. பிரேக் இல்லாத காவல்காரன் சில நேரம் நல்ல உறுப்பையும் அடிப்பான். குடல், நுரையீரல், கல்லீரல், தைராய்டு எல்லாம் வீங்கலாம். முடி கொட்டாதுன்னு வந்த செய்தியில இது இல்லை.

மெலனோமாவில காவல்காரங்க ஏற்கனவே கட்டி வாசல்ல கூட்டமா நிப்பாங்களாம். பிரேக்கை எடுத்தா உள்ளே பாய்ஞ்சிடுவாங்க. புரோஸ்டேட் கட்டி பெரும்பாலும் அப்படி இல்லை, அங்க காவலுக்கே ஆள் கம்மி. பிரேக்கை எடுத்து என்ன பிரயோஜனம்? அலிசன் கண்டுபிடிப்புல இருந்து வந்த இபிலிமுமாப் மருந்தை சுமார் 800 புரோஸ்டேட் நோயாளிகள்கிட்ட சோதிச்சு 2014ல் முடிவு போட்டாங்க. ஆயுள் கூடினதா நிரூபிக்க முடியல. இதுல ஒரு வருத்தம் என்னன்னா, அலிசனோட சொந்த அண்ணன் செத்ததே புரோஸ்டேட் புற்றுநோயிலதான். அவருடைய மனைவி டாக்டர் பத்மனி சர்மா, கரும்புத் தோட்டத்துக்கு இந்தியர்களைக் கப்பல்ல ஏத்திக் கொண்டு போன கயானாவில பிறந்தவங்க. புரோஸ்டேட் கட்டி ஏன் மசிய மாட்டேங்குதுன்னு இன்னும் ஆராய்ச்சி பண்றவங்கள்ல அவங்களும் ஒருத்தர். ரப்பர் தோட்டத்துப் பிள்ளைங்களான நமக்கு இதைக் கேட்க ஒரு பெருமைதான்.

ரத்தம் எடுத்து செல்லைத் திரும்ப ஏத்துறது பொய்யான்னு மகன் கேட்டார். முழுப் பொய் இல்லைன்னாங்க டாக்டர். சிபுலியூசெல்-டின்னு ஒண்ணு உண்டு. 2010 ஏப்ரல்ல அமெரிக்காவில புரோஸ்டேட்டுக்கே அனுமதி வாங்கினது. நம்ம ரத்ததான முகாம் ஆளுங்க தேசிய ரத்த மையத்துல பிளேட்லெட் கொடுக்கிற மாதிரி மிஷின்ல வெள்ளை அணுவைப் பிரிச்சு, புற்றுநோயை அடையாளம் காட்டிப் பழக்கி, மூணு தடவை திரும்ப ஏத்துவாங்க. 512 பேர்கிட்ட சோதிச்சதுல, அது போட்டவங்க நடுக்கணக்குல 25.8 மாசம், போடாதவங்க 21.7 மாசம். வித்தியாசம் நாலு மாசம்! அதுவும் ஹார்மோன் ஊசிக்கு மசியாம போன பிறகு, வலி அதிகம் இல்லாதவங்களுக்கு. விலை அப்போவே 93,000 அமெரிக்க டாலர். ஐரோப்பாவில 2013ல் அனுமதி வாங்கி, 2015ல் அந்த அனுமதியையே திருப்பிக் கொடுத்துட்டாங்க. "நீங்க பார்த்த இடத்துல தர்றது இதுவான்னு எழுத்துல கேளுங்க. எந்த மருந்து, எந்த சோதனை, சுகாதார அமைச்சு அனுமதி எங்கன்னு கேளுங்க"ன்னு சொன்னாங்க. மகன் அங்கேயே போன்ல கேட்டார். பதில் வரவே இல்லை. இன்னைய வரைக்கும் வரல.

பெம்ப்ரோலிசுமாப் சிலருக்கு உதவும். புரோஸ்டேட் நோயாளிகள்ல நூத்துக்கு மூணு பேர் அளவுக்கு, கட்டியோட மரபணுவில பிழை திருத்துற பகுதி கெட்டுப்போய் இருக்கும். அவங்களுக்குக் கொடுத்துப் பார்க்கலாம். அது இருக்கான்னு பார்க்க ஒரு டெஸ்ட் உண்டு. ஏற்கனவே எடுத்து வெச்சிருந்த சதைத் துண்டையே அனுப்பிட்டு, அன்னைக்கே ஹார்மோன் ஊசியைத் திரும்பப் போட்டாங்க. கூட மாத்திரையும். மிஸ்ஸி அக்கா வர்ற வழியில இன்னொண்ணும் சொன்னாங்க. அந்த 5 வெள்ளி ஊசிக்குப் பின்னாலும் ஒரு நோபல் இருக்காம். ஆண் ஹார்மோனைக் குறைச்சா இந்த நோய் சுருங்கும்னு சார்ல்ஸ் ஹக்கின்ஸ் 1941லேயே காட்டி, 1966ல் பரிசு வாங்கியிருக்கார். மலிவா கிடைக்கிறதாலே நாங்க அதை மதிக்கல.

டெஸ்ட் முடிவு ஏழு வாரம் கழிச்சு வந்தது. அண்ணனுக்கு அந்தப் பிழை இல்லை, ஆக அந்த ஊசி அவருக்கு இல்லை. மகன் கார் பார்க்ல நின்னு அழுதார். அண்ணன்தான், "விடுடா, வீடு தப்பிச்சது"ன்னு சொன்னார். பிஎஸ்ஏ இப்போ 6க்கு இறங்கியிருக்கு. இது முழுசா குணமாகிற கட்டம் இல்லைன்னு டாக்டர் மறைக்காம சொல்லிட்டாங்க. நல்லா கழியிற வருஷங்களைக் கூட்டலாம்னாங்க.

முருகன்கிட்ட வேண்டிக்கிட்டா போதாதான்னு சிலர் கேட்டீங்க. அண்ணன் ஊசிக்குப் போற அன்னைக்கும் விபூதி பூசிக்கிட்டுத்தான் போறார். இதுல என்ன சண்டைன்னு எங்களுக்குப் புரியல.

இப்போ கணக்கு. சொன்ன காரணம் மாறிட்டதால, கொடுத்த ஒவ்வொருத்தரையும் கூப்பிட்டுக் கேட்டோம். 31 பேர் திரும்ப வாங்கிக்கிட்டாங்க, 9,150 வெள்ளி. மரபணு டெஸ்ட், கிள்ளான்ல இருந்து போக வர கார், சத்து மாவு எல்லாம் சேர்த்து 3,870. மிச்சம் 10,440 வெள்ளி மகன் பேர்லயும் செயலாளர் பேர்லயும் சேர்ந்து பேங்க்ல இருக்கு. ரசீதுகள் ஆபீஸ் வாசல் பலகையில ஒட்டியிருக்கு. பெக்கா பி40ல இருக்கிறவங்க புற்றுநோய் சிகிச்சையை முடிச்சா 1,000 வெள்ளியும், போக்குவரத்துக்கு 500 வெள்ளி வரையும் கிடைக்கும். அண்ணனுக்கு மனு போட்டாச்சு. வேற யாருக்காவது தேவைன்னா பாரத்தை நாங்க பூர்த்தி செஞ்சு தர்றோம்.

சமையல்கட்டுல ஐம்பது தாண்டின ஆறு பேர் டாக்டர்கிட்ட பேசிட்டு பிஎஸ்ஏ எடுத்தோம். அந்த எண் ஏறினாலே புற்றுநோய்னு இல்லை, வயசுல வர்ற வெறும் வீக்கத்துக்கும் ஏறும். அதனால டாக்டர்கிட்ட கேட்டுட்டு எடுங்க. அப்பாவுக்கோ அண்ணன் தம்பிக்கோ இருந்திருந்தா 45லேயே கேளுங்க. எங்கள்ல ஒருத்தருக்கு மேற்கொண்டு ஸ்கேன் எடுக்கச் சொல்லியிருக்காங்க. வெட்கமா இருக்கு, வீட்டுல சொல்ல வேண்டாம்னார். சிங்கப்பூர் பிரதமரா இருந்தப்போ லீ சியன் லூங் 2015ல் இதே நோய்க்கு ஆபரேஷன் பண்ணிக்கிட்டு, நாட்டுக்கே சொன்னார்னு எடுத்துச் சொன்ன பிறகு, மனைவியைக் கூட்டிட்டுப் போயிருக்கார்.

போன சனிக்கிழமை அண்ணன் வந்தார். அண்டா தூக்க விடல. நாற்காலி போட்டு உட்கார வெச்சோம், பீன்ஸ் நறுக்கிக்கிட்டே சாம்பார்ல உப்பு கம்மின்னு திட்டினார். வர்ற சனிக்கிழமை அடுப்புக்கு ரெண்டு ஆள் குறையுது. காலையில 5 மணிக்கு வர முடிஞ்சவங்க கீழே பேர் போடுங்க.