கடலில்லாக் கண்டியில் ஓர் அட்மிரல்

கண்டியை அடுத்த பேராதனைப் பூந்தோட்டத்தை மகாவலி மூன்று பக்கமும் வளைத்துக்கொண்டு ஓடுகிறது. மூங்கில் புதருக்கு அருகே நின்றால் ஆறு தெரியும். அந்தத் தண்ணீர் கொட்டியாரக் குடாவில், திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில்தான் கடலைச் சேர்கிறது. கண்டிக்கும் கடற்படைக்கும் இயற்கை போட்டுக்கொடுத்த உறவு அவ்வளவே.

இரண்டாம் உலகப் போர் இன்னோர் உறவைப் போட்டது. 1944 ஏப்ரலில் அட்மிரல் மவுண்ட்பேட்டன் நேச நாடுகளின் தென்கிழக்காசியக் கட்டளையகத்தை டில்லியிலிருந்து இங்கே கொண்டுவந்தார். மரங்களுக்கிடையே தற்காலிகக் கொட்டகைகள் எழுந்தன. அவர் தங்கியது நகரத்திலிருந்த கிங்ஸ் பெவிலியன் மாளிகையில். இன்று அது ஜனாதிபதி மாளிகை. 1945 நவம்பரில் கட்டளையகம் சிங்கப்பூருக்குப் போகும்வரை, பர்மாப் போரின் மேலிடம் இந்தத் தோட்டம்தான்.

அந்தப் போரின் வினோதமான போர்க்கலங்கள் கடலையே பார்க்காதவை. 1944 டிசம்பரில் பர்மாவின் சிந்த்வின் ஆற்றங்கரையிலுள்ள கலேவா ஜப்பானியரிடமிருந்து நேசப்படைகளின் கைக்கு வந்தது. சாலைகள் மோசம், தெற்கே போகும் படைக்கு அரிசியும் குண்டும் எண்ணெயும் ஆற்றுவழியேதான் போக வேண்டும். ஜெனரல் ஸ்லிம்மின் 14ஆம் படைப் பொறியாளர்கள் கரையிலேயே படகுத்துறை போட்டார்கள். காட்டில் மரம் வெட்டி, யானைகளைக் கொண்டு இழுத்துவந்து, ஐநூறுக்கு மேல் சரக்குப் படகுகளைக் கட்டினார்கள்.

சரக்குப் படகுக்குக் காவல் வேண்டாமா? இரண்டு பீரங்கிப் படகுகளும் அங்கேயே உருவாயின. ஒவ்வொன்றிலும் ஒரு போஃபர்ஸ் பீரங்கி, ஓர்லிக்கன் துப்பாக்கிகள். அவற்றுக்குப் பெயர் வைத்தவர் ஸ்லிம். ஒன்றுக்குத் தன் மகள் பெயர், ‘யூனா’. மற்றொன்றுக்குக் கண்டியிலிருந்த மேலதிகாரியின் இளைய மகள் பெயர், ‘பமேலா’. பமேலாவுக்கு அப்போது பதினைந்து வயது. தரைப்படைத் தளபதி ஒருவர், கடலிலிருந்து நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் உள்ளே, போர்க்கலம் கட்டி மிதக்கவிட்ட கதை இது. கடற்படைத்தலைவர் மலையிலே, தரைப்படையின் படகுகள் ஆற்றிலே!

கலேவாவைப் பிடித்தது 11ஆம் கிழக்காபிரிக்க டிவிஷன். பர்மாவுக்குப் போகுமுன் அது இலங்கையில்தான் பயிற்சி பெற்றது. அதன் வீரர்களின் நாட்டவர் சிலரைக் காண மகாவலிக் கரையோரத்துக் கண்டிப் போர் மயானத்துக்குப் போகலாம். முன்பு அதற்குப் பிட்டகந்த இராணுவ மயானம் என்று பெயர். அங்கே 203 கல்லறைகள்: பிரித்தானியர் 107, கிழக்காபிரிக்கர் 35, இலங்கையர் 26, இந்தியர் 23, இன்னும் கனடியரும் இத்தாலியரும் வேறு சிலரும். கண்டியில் சண்டை எதுவும் நடக்கவில்லை. ஆனாலும் போர் தன் கணக்கில் இங்கேயும் ஆட்களை எழுதிக்கொண்டது. கென்யாவிலும் உகண்டாவிலும் பிறந்த இளைஞர்களுக்கு இந்த மலைநகரம் எங்கே, உற்றார் எங்கே? அவர்களுக்கும் ஒரு கல், ஒரு பெயர், வெட்டிவிட்ட புல். மயானம் அவர்களை இன்றும் சரியாகவே வைத்திருக்கிறது.

கொட்டகைகள் போய்விட்டன. படகுகளைக் காட்ட யாருமில்லை. தோட்டத்தில் 1901இல் பிரித்தானிய இளவரசர் நட்ட ஒரு நாகலிங்க மரம் உண்டு. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னர் ஆனவர் அவர். அதன் காய்கள் உருண்டு திரண்டு அடிமரத்தோடு ஒட்டித் தொங்கும். ஆங்கிலேயர் அதைப் ‘பீரங்கிக் குண்டு மரம்’ என்றார்கள். நம்மவர் பூவைப் பார்த்தார்கள். இதழ்கள் நாகம் குடைபிடிப்பது போலிருக்க, நடுவே லிங்கம் தெரிந்தது. அந்த மரத்தைப் பார்த்துவிட்டு மயானத்துக்குப் போங்கள். ஒரே பயணத்தில் போரின் இரண்டு முகமும் தெரியும்: கட்டளை எழுதிய இடம், கட்டளைக்குக் கீழ்ப்படிந்தவர்கள் கிடக்கும் இடம்.