தௌலாதார் மலையில் ஆட்டுக் காவலர்கள்

மலைவாசம் என்றால் நம்மவர்களுக்கு உதகமண்டலமும் கொடைக்கானலும்தான் ஞாபகத்துக்கு வரும். காங்க்ரா பள்ளத்தாக்கில் நின்று தௌலாதார் மலைத்தொடரை அண்ணாந்து பார்த்தால் அவை இரண்டும் சற்று நேரம் மறந்தே போகும். நெல் வயல்களுக்கு அப்பால், பனி மூடிய சிகரங்கள் சுவர் எழுப்பினாற்போல் நிற்கின்றன.

தர்மசாலைக்கு மேலே, காட்டு வழியே ஏறினால் த்ரியுண்ட் என்ற புல்வெளி வரும். உயரம் 9,000 அடிக்கு மேல். அதற்கும் மேலே 14,000 அடியைத் தாண்டி நிற்கிறது இந்திரஹார் கணவாய். அவ்வழியே கோடையில் ஆடுகளை ஓட்டிச் சென்று, பனி விழுமுன் திரும்புகிறவர்கள் 'கத்தி' இடையர்கள். கத்தி என்றவுடன் வாசகர்கள் பயப்பட வேண்டாம். அது அந்தச் சமூகத்தாரின் பெயர். கம்பளி அங்கியும், இடுப்பைப் பல சுற்றுச் சுற்றிய கறுப்புக் கம்பளிக் கயிறும் அவர்களுடைய பழைய உடை. பிறந்த குட்டியை அங்கிக்குள் வைத்துக்கொண்டு மலையேறும் தாயுள்ளம் படைத்தவர்கள்.

பயப்பட வேண்டியது அவர்களுடைய நாய்களிடம். பயம் என்பதைவிட மரியாதை என்பதே சரி. அடர்ந்த ரோமமும் அகன்ற மார்புமுள்ள இந்த நாய்களின் கழுத்தில் முள் வைத்த இரும்புப் பட்டை இருக்கும். சிறுத்தை பாய்ந்தால் குரல்வளையைத்தான் கவ்வும். அதற்காக அந்தக் கவசம். குட்டிப் பருவத்திலிருந்தே ஆடுகளுடன் வளர்வதால், மந்தையையே இவை தம் குடும்பமாக நினைக்கின்றன.

பட்டணத்திலிருந்து செல்கிறவர்களுக்கு இது புரிவதில்லை. நான் சென்றிருந்தபோது ஒரு வாலிபர், "வாலை ஆட்டுகிறதே, நல்ல நாய்தான்" என்று சொல்லிப் பிஸ்கோத்தை நீட்டிக்கொண்டு மந்தைக்குள் நுழைந்தார். நாய் வாலை ஆட்டியது உண்மை. ஆனால் அந்த வால் உயரத் தூக்கி விறைத்து நின்று, நுனி மட்டுமே துடித்தது. உடம்பு மரம்போல் அசையாதிருந்தது; வாய் இறுக மூடியிருந்தது; பார்வை அவர் முகத்தில் குத்திட்டு நின்றது. கிழவரான இடையர் ஒரு சீழ்க்கை அடித்தார். நாய் இரண்டடி பின்வாங்கி, ஆடுகளுக்கும் மனிதருக்கும் நடுவே நின்றுகொண்டது.

"மாஸ்டர்ஜீ, உங்கள் சிநேகிதருக்குச் சொல்லுங்கள். இது வேலையிலிருக்கிறது. கடித்துவிட்டால் ஊரார் நாயைக் கொல்லச் சொல்வார்கள். நாய் போனால் சிறுத்தைக்கு நான் என்ன பதில் சொல்வேன்?" என்றார் அவர். ஒரு வருஷத்து ஜீவனம் முழுவதும் அந்த மந்தையில் நடந்துகொண்டிருந்தது. பிஸ்கோத்துக்குப் பழகிய நாய் யாத்ரிகர் பின்னே போய்விட்டாலும் அவருக்கு அதே நஷ்டந்தான்.

நாய்க்குப் பேச்சில்லை என்பது நம் அறியாமை. உடம்பு முழுவதும் அதற்கு நாக்குத்தான். தளர்ந்த உடம்பு, லேசாகத் திறந்த வாய், இடுப்போடு சேர்ந்து ஆடும் வால், இவை சமாதானம். தலையைத் திருப்பிக்கொள்ளுதல், காரணமின்றிக் கொட்டாவி விடுதல், உதட்டை நக்குதல், கண்ணின் வெள்ளை தெரியக் கடைக்கண்ணால் பார்த்தல், இவை "என்னைச் சும்மா விடு" என்ற வேண்டுகோள். உறுமல் கடைசி எச்சரிக்கை. உறுமும் நாயை அடித்து அடக்கினால், அது அடுத்த முறை எச்சரிக்காமலே கடிக்கக் கற்றுக்கொள்ளும்.

ஆகவே மந்தை எதிர்ப்பட்டால் நின்றுவிடுங்கள். குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள். ஓடாதீர்கள், தடியை ஓங்காதீர்கள், கல்லெடுக்கக் குனியாதீர்கள். நாயின் கண்ணை உற்றுப் பாராமல், பக்கவாட்டில் திரும்பி, மெல்ல விலகி மந்தையைச் சுற்றிச் செல்லுங்கள். இடையரைக் குரல் கொடுத்து அழையுங்கள். அவர் அனுமதித்தாலும் நாய் தானாக அருகில் வந்தாலன்றித் தொடவேண்டாம். தப்பித் தவறிப் பல் பட்டுவிட்டால், சோப்பும் தண்ணீரும் கொண்டு கால்மணி நேரம் கழுவி, தாமதமின்றி வைத்தியரிடம் சென்று வெறிநாய்க்கடி ஊசி போட்டுக்கொள்ள வேண்டும்.

பொறுப்பு யாத்ரிகருக்கு மட்டுமன்று. நாயைக் கூப்பிட்டால் வரும்படி பழக்குவதும், ஜனங்கள் நடமாடும் பாதையில் அதைத் தனியே விடாதிருப்பதும், அதற்கு ஊசி போட்டு வைப்பதும் சொந்தக்காரர் கடமை. "கொஞ்சம் தடவிப் பார்க்கலாமா?" என்று கேட்பவரிடம் தாட்சணியமின்றி, "கூடாது" என்று சொல்வதும் அக்கடமையில் சேர்ந்ததே. போலீஸ் நாய்க்கும், கண் தெரியாதவருக்கு வழிகாட்டும் நாய்க்கும், நம் சீமைக் கீதாரியின் கிடை காக்கும் நாய்க்கும் இதே நியாயந்தான்.

கோவில் யானையைக் கண்டால் பாகனைக் கேட்காமல் நாம் துதிக்கையைத் தொடுவதில்லை. அந்த மரியாதையில் பாதியையாவது, பனியிலும் இருளிலும் கண் துஞ்சாமல் மந்தை காக்கும் இந்த நாய்களுக்குக் கொடுத்தால் போதும். அவை அதற்குமேல் நம்மிடம் எதுவும், பிஸ்கோத்துகூட, எதிர்பார்ப்பதில்லை.