தளியிலிருந்து பரிசல் துறைக்கு

தமிழகத்தின் வடமேற்கு மூலையில், கருநாடக எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் ஊர் தளி. கோடையிலும் விடியற்காலையில் போர்வையைத் தேடவைக்கும் அதன் குளிர்ச்சியைக் கண்டு, வெள்ளையர் அதனைச் 'சின்ன இங்கிலாந்து' என அழைத்தனராம். இன்று அங்கே ரோசாத் தோட்டங்கள் மிகுதி. வீட்டில் தெலுங்கும், சந்தையில் கன்னடமும், பள்ளியில் தமிழுமாக மும்மொழியும் பேசும் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. தந்தையர் பலர் ஓசூர்த் தொழிற்பேட்டையில் இரவு பகலாக முறைவேலை பார்க்கின்றனர். பிள்ளைகளோ சேலத்திலும் பெங்களூரிலும் பல்கலைக்கழகப் படிப்பை எட்டிவிட்டனர். அத்தகைய மாணவ மாணவியர் பதினொருவரோடு, ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் நாம் ஒகேனக்கல் சென்று வந்தோம். (ஞாயிறு எமக்கு ஆகாத நாள் என்பதை வாசகர்கள் அறிவார்கள்.)

முதலில் அவர்கள் கேட்டது ஒகேனக்கல்லை அன்று. காற்றடைத்த ரப்பர்ப் படகில் ஏறி, ஆளுக்கொரு துடுப்புப் பிடித்து, ரிஷிகேசத்தில் கங்கையின் நுரைச் சுழல்களில் பாய்ந்து வருகிறார்களே, அந்த 'ராஃப்டிங்' மீதுதான் அவர்கள் உள்ளம் சென்றது. செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்ததும் இமயம் தானாகவே தொலைவில் போயிற்று. "பரிசலா ஃபாதர்? அது தாத்தா பாட்டிமார் ஏறுவதாயிற்றே!" என்று ஒரு மாணவர் முகம் சுளித்தார். ஏறிப் பார்த்துவிட்டுச் சொல்லட்டும் என்று நாம் வாளாவிருந்தோம்.

தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டி, நாட்றாம்பாளையம் வழியே சாலை காட்டுக்குள் இறங்குகிறது. 2014ஆம் ஆண்டில் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட காடுகள் இப்பக்கத்தன. யானைகள் சாலையைக் கடக்கும் என்னும் எச்சரிக்கைப் பலகைகளைக் கண்டதும், அதுவரை ஓயாது பாடிவந்த வண்டி அமைதியாயிற்று. தேன்கனிக்கோட்டைப் பக்கத்து மலைக்காடுகளில் பிறக்கும் சின்னாறும் இத்திசையில்தான் பயணம் செய்கிறது. பஞ்சப்பள்ளி அணையில் சற்றுத் தங்கி, ஒகேனக்கல்லில் காவிரியோடு கலக்கிறது. நம் மலைமேல் பெய்யும் மழை கீழே இறங்கிப் போவது மட்டுமன்று, ஒகேனக்கல் நீர் மேலேறி வருவதும் உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பற்கள் கறைபட்டு, எலும்புகள் நலிந்த இவ்விரு மாவட்டத்து மக்களுக்காக, ஜப்பானியக் கடனுதவியோடு அமைந்த கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பட்டது. குழாயில் வரும் காவிரியை மட்டுமே அறிந்திருந்த பிள்ளைகள் அன்று அதனை நேரில் கண்டார்கள்.

'ஹொகே' என்றால் கன்னடத்தில் புகை. புகையும் கல்லே ஒகேனக்கல். அருவி விழும் இடத்தில் நீர்த்திவலை எழுந்து புகைபோல் நிற்பதைக் கண்டவர் அப்பெயரின் பொருத்தத்தை உணர்வர். அப்பாறைகளிற் சில ஏறத்தாழ 240 கோடி ஆண்டுப் பழமை வாய்ந்தவை என நிலவியலார் கூறுகின்றனர். எண்ணெய் தேய்த்துவிடுவோரும், மீன் வறுப்போரும் அந்தப் பழமையைப் பொருட்படுத்தாமல் தத்தம் தொழிலைப் பார்த்துக்கொண்டிருக்கின்றனர்.

மாமரத்துக் கடவுப் பரிசல் துறையில் எமக்கு வாய்த்தவர் அறுபதைக் கடந்த பெரியவர் ஒருவர். அவர் தந்தையும் பாட்டனாரும் இதே துறையில் துடுப்புப் போட்டவர்களாம். மூங்கிலைப் பிளந்து, குறுக்கும் நெடுக்குமாகப் பின்னிக் கூடையாக்கி, வெளியே தோல் போர்த்துவது பழைய முறை. இன்று தோலின் இடத்தைப் பிளாஸ்டிக் விரிப்பும் தாரும் பிடித்துக்கொண்டன. 1520ஆம் ஆண்டு வாக்கில் விசயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பயஸ் என்னும் போர்த்துகேயர், துங்கபத்திரையில் கூடை போன்ற படகுகளைக் கண்டு வியந்து, பதினைந்து இருபது பேரும், வேண்டுமானால் குதிரையும் எருதுங்கூட அவற்றில் கடந்ததாக எழுதி வைத்துள்ளார். ஐந்நூறு ஆண்டுகளில் மேல்தோல் மாறியதே ஒழிய உருவம் மாறவில்லை.

பரிசலுக்கு முன்பக்கமும் இல்லை, பின்பக்கமும் இல்லை. அடி தட்டையாதலால் முழங்காலளவு நீரிலும் பாறைமேல் வழுக்கிச் செல்லும். ரப்பர்ப் படகில் எல்லோரும் துடுப்புப் போடவேண்டும்; பரிசலிலோ துடுப்பு ஒருவர் கையில்தான். மற்றவர் வேலை, எடை ஒரு பக்கம் சாயாமல் அசையாது உட்கார்ந்திருப்பது. இளைஞர்க்கு இதைவிடக் கடினமான வேலை வேறில்லை என்று அன்று கண்டோம்! உயிர்காப்பு உடையை மாட்டிக்கொண்டு நால்வர் நால்வராக மூன்று பரிசல்களில் அமர்ந்தோம். இரு மருங்கும் செங்குத்தான பாறைச் சுவர்கள். நடுவே கரும்பச்சை நீர். ஓரிடத்தில் பெரியவர் துடுப்பை ஒரு திருப்புத் திருப்பினார். பரிசல் பம்பரமாய்ச் சுழன்றது. முகம் சுளித்த அதே மாணவர் இம்முறை முகத்தை மூடிக்கொண்டு அலறினார்.

மணல்மேட்டில் இறங்கிச் சற்று இளைப்பாறினோம். அங்கிருந்து அருவிகளின் அருகே இன்னொரு சுற்றுப் போகவேண்டும் என மாணவர் விரும்பினர். பெரியவர் நீரைக் கையால் அள்ளிப் பார்த்தார். கரையோரத்துக் கல் ஒன்றை நெடுநேரம் நோக்கினார். "தண்ணி நெறம் மாறுது சாமி. காலையில தெரிஞ்ச கல்லு இப்போ முங்கிடுச்சு. திரும்பிடலாம்" என்றார். வானமோ தெளிவாக இருந்தது. ஒரு துளி மழையில்லை. "இரண்டு சுற்றுக்கும் பணம் தருகிறோம் தாத்தா" என்று மாணவர் மன்றாடினர். அன்றைய அவருடைய வருமானமே அந்த இரண்டாவது சுற்றில்தான் இருந்தது என்பதைப் பின்னர் அறிந்தோம். அவர் மறுமொழி கூறாமல் பரிசலை நீரில் தள்ளினார்.

திரும்பிக் கரையேறியதும் ஒரு மாணவர் மட்டும் வருத்தம் தீராமல் இருந்தார். அவருக்கு நாம் 2014ஆம் ஆண்டு ஜூன் 8ஆம் நாள் நடந்ததைக் கூறினோம். ஐதராபாத்திலிருந்து இமாசலப் பிரதேசத்துக்குச் சுற்றுலா சென்ற பொறியியல் மாணவர், மாலை வேளையில் பியாஸ் ஆற்றின் பாறைகள்மேல் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தனர். அங்கும் மழையில்லை. மேலேயிருந்த லார்ஜி நீர்மின் அணையிலிருந்து போதிய எச்சரிக்கையின்றி நீர் திறந்துவிடப்பட்டது. சில நிமிடங்களில் 24 மாணவரும், உடன் வந்த சுற்றுலா அமைப்பாளர் ஒருவரும் அடித்துச் செல்லப்பட்டனர். நம் ஆறுகள் இன்று மழையால் மட்டும் பெருகுவதில்லை. எங்கோ ஒரு கதவு திறக்கிறது. கீழே நிற்பவர்க்கு அது தெரிவதில்லை. வயநாட்டில் மழை கொட்டினால் கபினி நிரம்பும், குடகில் கொட்டினால் கிருஷ்ணராஜ சாகர் நிரம்பும். அங்கே திறந்த நீர் வெயில் காயும் ஒகேனக்கல்லில் வந்து இறங்கும். அந்த மாணவர் எதுவும் பேசவில்லை. சற்றைக்கெல்லாம் எழுந்து போய்ப் பெரியவர் அருகே உட்கார்ந்துகொண்டார்.

காவிரி தமிழகத்தில் புகும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையத்தார் நாள்தோறும் நீரை அளக்கின்றனர். ஆண்டுக்கு 177.25 டி.எம்.சி. தமிழகத்துக்கு வரவேண்டும் என உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்ததும் அவ்விடத்து அளவைக் கொண்டே. இரு மாநிலங்களும் பல்லாண்டு வழக்காடிய அந்த அளவே பரிசல்காரர் வீட்டு உலையையும் நிர்ணயிக்கிறது. நீர்வரத்து மிகுந்தால் மாவட்ட நிருவாகம் குளிக்கவும் பரிசல் ஓட்டவும் தடை விதிக்கும். 2018இலும் 2024இலும் வினாடிக்கு ஓர் இலட்சம் கன அடிக்கு மேல் நீர் புரண்டோடியது. தஞ்சை உழவர் மகிழ்ந்து கைகூப்பும் அதே வெள்ளத்தில், இங்கே துடுப்புகள் சுவரில் சாய்ந்து கிடக்கின்றன. தடை நியாயமானதே, அதில் நமக்கு ஐயமில்லை. ஆயின், தடைக்காலத்தில் இக்குடும்பங்கள் எதை உண்ணும் என்பதையும் தடை விதிப்போர் கணக்கில் கொள்வது நன்று.

கீழே மேட்டூர் அணையில் மீன்பிடிக்கும் தம் உறவினரைப் பற்றியும் பெரியவர் பேசினார். 1934இல் அவ்வணை நிறைவுற்றபோது பல ஊர்கள் நீரில் அமிழ்ந்தன. பண்ணவாடியின் நம் பழைய ஆலயமும் அவற்றோடு மூழ்கிற்று. நீர்மட்டம் வெகுவாகத் தாழ்ந்த ஆண்டுகளில் அதன் கோபுரங்களும், பக்கத்துச் சலகண்டேசுவரர் கோவில் நந்தியும் வெளியே தோன்றியதுண்டு. "கோபுரம் தெரிஞ்சா எங்களுக்கும் பஞ்சம் சாமி, பரிசல் தரை தட்டும்" என்றார் பெரியவர். வெள்ளத்திலும் வேலையில்லை, வறட்சியிலும் வேலையில்லை. இடைப்பட்ட நீரே அவர்களுக்குச் சோறு.

மாணவர் தமக்குள் பணம் திரட்டி இரண்டு சுற்றுக்கான கூலியையும் நீட்டினர். அவர் ஒரு சுற்றுக்கு உரியதை எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார். மீன் வறுவல் வாங்கி வைத்தபோது மறுக்கவில்லை.

நான்கு மணியளவில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு வந்தது: நீர்வரத்து உயர்ந்துவிட்டது, மறு அறிவிப்பு வரும்வரை பரிசல் இயங்காது. பரிசல்காரர்கள் தத்தம் பரிசலைத் தலைமேல் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஏறத் தொடங்கினர். தூரத்திலிருந்து பார்க்கையில் பெரிய ஆமைகள் வரிசையாக நடப்பது போலிருந்தது. பெரியவரின் பரிசலின் மறுபக்கத்தை, வருத்தத்தோடு இருந்த அந்த மாணவர் பிடித்துக்கொண்டு போனார். இன்னும் எத்தனை நாளாகும் என்று நாம் கேட்டோம்.

"பிலிகுண்டுலுவுல கேக்கணும் சாமி" என்றார் பெரியவர்.