புளியமரத்தில் மோதி நின்ற சக்கரம்

மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் துறை

மலர்க் குழுவினர் என்னிடம் முதலில் கேட்டது கவிதை. நமக்குக் கவிதைக்கும் தூரம், அரியர் இல்லாத செமஸ்டருக்கும் தூரம். அதனால் உண்மையில் நடந்த ஒன்றை எழுதுகிறேன். இதில் கதாநாயகன் யாரும் கிடையாது. முட்டாள் ஒருவன் உண்டு, அது நான்தான்.

எங்கள் வீடு கடலூர் முதுநகர். அப்பாவுக்கு ஜெனரேட்டர் வாடகைத் தொழில். ஒரு பழைய பிக்கப், அதன் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கும் டிரெய்லரில் 25 கே.வி.ஏ. ஜெனரேட்டர், இவ்வளவுதான் எங்கள் சொத்து. 2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் அடித்தபோது நான் சின்னப் பையன். கடலூரே பல நாள் இருட்டில் கிடந்தது. அப்பா அந்த வண்டியைத் தெருத் தெருவாக இழுத்துப் போய் மோட்டாருக்குக் கரண்ட் கொடுப்பார், ஜனங்கள் மேல்தொட்டியை நிரப்பிக் கொள்வார்கள். "ஜெனரேட்டர்காரர் வந்துட்டாரு" என்று குடத்தோடு ஓடி வந்தவர்களை இன்றும் ஞாபகம் இருக்கிறது. அந்த வண்டியின் மேல் எனக்கு ஒரு கர்வம்.

நமது கல்லூரியில் முதலாண்டு முடித்தவுடன் அந்தக் கர்வத்தோடு அரைகுறை அறிவும் சேர்ந்து கொண்டது. சிதம்பரம் கல்யாண மண்டபங்களுக்கு மாதம் நாலைந்து முறை போகிறோமே, வண்டி பின்பக்கம் உட்கார்ந்து போகிறதே என்று அப்பா சொல்ல, "டயரைப் பெருசாக்கிட்டா எல்லாம் சரியாயிடும்பா" என்றேன். 6.00-16 டயரைக் கழற்றி 7.00-16 போடச் சொன்னேன். அதற்குத் தோதாக அகல ரிம் பழைய இரும்புக் கடையில் கிடைத்தது. மாட்டிப் பார்த்தால் சக்கரம் இரண்டு பக்கமும் வெளியே பிதுங்கி, பயில்வான் நெஞ்சை நிமிர்த்தியது போல நின்றது. எனக்கு ஒரே சந்தோஷம்.

எங்கள் வண்டியைப் பார்க்கும் மெக்கானிக் அண்ணன் மட்டும் தலையைச் சொறிந்தார். "தம்பி, சக்கரம் வெளிய போனா ராடுக்குப் பாரம் ஏறும்டா. கம்பெனி ரிம்மே இருக்கட்டும்" என்றார். எட்டாவது வரை படித்தவர். நான் டிப்ளமோ. சிரித்துக்கொண்டே நகர்ந்து விட்டேன்.

பத்து மாதம் ஓடியது. ஒரு வைகாசி முகூர்த்தத்துக்குச் சிதம்பரம் போய்க்கொண்டிருந்தோம். அப்பா ஓட்ட, நான் பக்கத்தில். புதுச்சத்திரம் தாண்டிக் கொஞ்ச தூரம், வேகம் நாற்பதுதான் இருக்கும். 'டப்'பென்று ஒரு சத்தம். வண்டி இடது பக்கம் சாய்ந்தது. என் ஜன்னலைத் தாண்டி ஒரு சக்கரம் தனியாக ஓடிக்கொண்டிருந்தது. ஒரு விநாடி, யாருடைய சக்கரமோ என்றுதான் நினைத்தேன்! அப்பா பிரேக்கை மிதித்தார். பெடல் அடி வரை போய்விட்டது. டிரம்மும் சக்கரத்தோடு போய்விட்டதால் வீல் சிலிண்டரின் பிஸ்டன் வெளியே தள்ளிக்கொண்டு ஆயில் முழுக்க ஊற்றிவிட்டது. பழைய வண்டி, நாலு சக்கரத்துக்கும் ஒரே லைன், பிரேக் மொத்தமும் அவுட். பின்னால் ஆயிரத்து நூறு கிலோ டிரெய்லர் தள்ளுகிறது. தார் ரோட்டை உழுதுகொண்டு போய், மண்ணில் இறங்கி நின்றோம்.

சக்கரம் எங்கே போனது? சாலையோரம் நுங்கு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவுக்கும், பஸ்ஸுக்கு நின்ற இரண்டு பிள்ளைகளுக்கும் நடுவே புகுந்து ஒரு புளியமரத்தில் மோதி விழுந்திருந்தது. அந்த அம்மா உட்கார்ந்த இடத்தை விட்டு எழவில்லை. "எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியலையேப்பா" என்று மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தக் குரல் எனக்கு இன்னும் ராத்திரியில் கேட்கிறது.

அப்பாவுக்கு வந்த கோபம் முழுக்க மெக்கானிக் அண்ணன் மேல் போனது. மறுநாள் பட்டறைக்கே போய், நாலு பேர் முன்னால், "பேரிங்கைப் பார்த்தியா இல்லியா? என் புள்ள செத்திருப்பானேடா" என்று கத்திவிட்டு வந்தார். அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். இதை இங்கே எழுதத்தான் மூன்று தடவை பேனாவைக் கீழே வைத்தேன்.

உடைந்த ஆக்ஸில் ராடைக் கல்லூரிக்குக் கொண்டு வந்தேன். உடைந்த முகத்தைத் துடைத்துப் பார்த்தால், பாதிக்கு மேல் வழவழப்பாக, வளைவு வளைவாகக் கோடுகள். மீதி சொரசொரப்பு. தேவனாம்பட்டினம் கடற்கரையில் அலை வாங்கும்போது மணலில் கோடு விழுமே, அச்சு அசல் அதேதான். புத்தகத்திலும் இதற்கு 'பீச் மார்க்ஸ்' என்றே பெயர். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவன் நான், கண்ணால் பார்த்தது அன்றுதான். ஒரே நாளில் உடைந்தது அல்ல அது. சாவி உட்காரும் பள்ளத்தின் மூலையில் மயிரிழை விரிசலாகத் தொடங்கி, மாதக்கணக்கில் தின்று, கடைசியில் மிச்சமிருந்த பகுதி ஒரே அடியில் போயிருக்கிறது. அலுப்பு முறிவு, அதாவது ஃபெடீக்.

துறைத்தலைவர் சார் சொல்லித்தான் அப்புறம் தெரிந்தது, இது நேற்று வந்த வியாதி இல்லையாம். 1842 மே மாதம் பிரான்சில் வெர்சாய் ரயில் விபத்தில் ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். காரணம் உடைந்த இஞ்சின் ஆக்ஸில். பிறகு ஜெர்மனியில் வோலர் என்ற ரயில்வே பொறியாளர் ஆக்ஸில்களைச் சுழற்றிச் சுழற்றி உடைத்துப் பார்த்து, ஒரே தரம் தாங்கும் பாரத்தைப் பல லட்சம் தரம் தாங்காது என்று காட்டினார். நாம் வரையும் எஸ்-என் கர்வ் அவர் போட்ட பாதைதான்.

சரி, எங்கள் வண்டிக் கணக்குக்கு வருவோம். அது செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸில். அதில் ஒரே ராடுதான் சக்கரத்தைச் சுற்றவும் வேண்டும், வண்டிப் பாரத்தையும் தாங்க வேண்டும். குடத்தைத் தலையில் வைத்திருப்பவளையே செக்கும் இழுக்கச் சொல்வது போல. லாரிகளில் வரும் ஃபுல் ஃப்ளோட்டிங்கில் பாரத்தை ஹவுசிங்கின் மேல் உட்கார்ந்த இரண்டு பேரிங் தாங்கிக் கொள்ளும். ராடுக்குச் சுற்றுகிற வேலை மட்டும். ராடு உடைந்தாலும் சக்கரம் ஓடிப்போகாது. எங்களுடையதில் ஒரு பின்சக்கரத்தின் மேல் சுமார் 700 கிலோ. பேரிங்கிலிருந்து சக்கரத்தின் நடுக்கோடு 6 செ.மீ. தள்ளி இருந்தது. வளைவுத் திருப்பம் 4,200 கிலோ-செ.மீ. நான் வாங்கிப் போட்ட ரிம் நடுக்கோட்டை 4 செ.மீ. வெளியே தள்ளிவிட்டது. ஆக 7,000. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ராடு ஒருமுறை மேலும் கீழும் வளைகிறது. புது டயரின் சுற்றளவு 2.43 மீட்டர். கடலூரிலிருந்து சிதம்பரம் சுமார் 45 கி.மீ. என்றால், போவதற்கு மட்டும் பதினெட்டாயிரத்து ஐந்நூறு வளைப்பு. பத்து மாதத்துக்கு நீங்களே பெருக்கிக் கொள்ளுங்கள். நான் பெருக்கினேன், அன்று ஹாஸ்டல் மெஸ்ஸில் சாப்பிடவில்லை.

வீட்டுக்குப் போய் அப்பாவிடம் சொன்னேன். "தப்பு அண்ணன் மேல இல்லப்பா, நான் போடச் சொன்ன ரிம்முதான்." அப்பா வெகு நேரம் பேசவில்லை. பிறகு, "பில்லைக் கட்டினவன் நான்தானேடா" என்றார். சட்டையை மாட்டிக்கொண்டு, "வா, அவன் பட்டறையைச் சாத்தறதுக்குள்ள போவோம்" என்றார். அங்கே நடந்ததை எழுத வேண்டாம். மூன்று பேரும் டீ குடித்தோம்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. அப்பாவுக்கு இப்போது வேறு யோசனை. சின்ன லாரியின் ஃபுல் ஃப்ளோட்டிங் ஆக்ஸிலையே வாங்கி அடியில் போட்டுவிட்டால் என்ன? 62.5 கே.வி.ஏ. செட்டும் இழுக்கலாமே, ஆனித் திருமஞ்சன நேரத்தில் சிதம்பரத்தில் நல்ல வாடகையாச்சே என்று இரும்புக் கடையில் அட்வான்ஸே கொடுத்துவிட்டார். எனக்கும் இறுதியாண்டு புராஜெக்ட் கிடைத்த சந்தோஷம். சாரிடம் வரைபடத்தை நீட்டினேன். அவர் இரண்டே கேள்வி கேட்டார். "ஆக்ஸில் தாங்கும். நிறுத்தறது யாரு? முன் பிரேக்கு, சேஸிஸு, கிளட்சு எல்லாம் பழசுதானே?" இரண்டாவது, "ஆர்.சி. புத்தகத்துல என்ன எழுதுவே?" மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 52-ஐப் படிக்கச் சொன்னார். கம்பெனி தந்த அமைப்புக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்பதை 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிப்படுத்தியிருக்கிறது. நாளை ஒரு விபத்து என்றால் இன்சூரன்ஸ்காரர் முதலில் அடியில் குனிந்துதான் பார்ப்பார்.

அட்வான்சில் பாதிதான் திரும்பி வந்தது. அப்பா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

கடைசியில் செய்தது சின்ன வேலைதான். உடையாத பக்கத்து ராடை மண்ணெண்ணெயில் ஊற வைத்து, நன்றாகத் துடைத்து, சாக்பீஸ் தூளைப் பூசினோம். சுத்தியலால் லேசாகத் தட்டியதும் சாவிப் பள்ளத்தின் ஓரம் ஈரக்கோடு ஒன்று எழுந்தது. அதுவும் கிளம்பத் தயாராக இருந்திருக்கிறது! இரண்டு பக்கமும் கம்பெனி அளவில் புது ராடு, பேரிங், ஆயில் சீல். பழைய ரிம்மே திரும்பி வந்தது. டயர் அதே 6.00-16, ஆனால் 6 ப்ளைக்குப் பதில் 8 ப்ளை. ப்ளை என்றால் இந்தக் காலத்தில் உள்ளே எண்ணிப் பார்க்கும் நூலடுக்கு இல்லை, பலத்தின் அளவுதான். அதற்கேற்ற காற்று இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடேறிப் போய்விடும். எங்கள் வீட்டில் இப்போது காற்று மீட்டர் ஒன்று சாமி படத்துக்குப் பக்கத்தில் தொங்குகிறது.

இன்னொன்றும் கண்டுபிடித்தோம். பேப்பர் கடைத் தராசை இரவல் வாங்கி டிரெய்லர் கொக்கியை அதன்மேல் வைத்தால் 160 கிலோ! கொக்கி பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால், வீல்பேஸ் இரண்டரை மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி பின் ஆக்ஸிலில் 224 கிலோ ஏறி, முன்னால் 64 கிலோ குறைகிறது. "ஸ்டியரிங் பூ மாதிரி இருக்குடா" என்று அப்பா வெள்ளாற்றுப் பாலத்தில் பெருமைப்பட்டதன் ரகசியம் இதுதான். 800 கிலோ ஜெனரேட்டரை டிரெய்லரில் 18 செ.மீ. பின்னால் நகர்த்தினோம், கொக்கியில் 100 கிலோவாகக் குறைந்தது. செலவு எட்டு போல்ட், ஒரு வெல்டிங் ராடு பாக்கெட்.

62.5 செட்டு கேட்டு வந்தால் அப்பா இப்போது லாரி வாடகைக்கு எடுக்கிறார், லாபம் குறைவு என்று முனகிக்கொண்டே. புதுச்சத்திரம் வந்ததும் வண்டியை ஓரங்கட்டி, இறங்கி, நாலு சக்கரத்தின் நடுவிலும் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறார். போன மாதம் அந்த அம்மாவிடம் நுங்கு வாங்கினோம். காசு வாங்கிக் கொண்டார், எங்களை அடையாளம் தெரியவில்லை.

உடைந்த ராடு நம் மெட்டீரியல் டெஸ்டிங் லேபில் ஜன்னலோரம் இருக்கிறது. ஜூனியர்கள் பார்க்கலாம், ஆனால் உடைந்த முகத்தில் கை வைக்காதீர்கள், துரு பிடிக்கிறது என்று சார் திட்டுகிறார். அப்பாதான் வீட்டுக்குப் போகும்போதெல்லாம் கேட்கிறார், "அந்த இரும்பு என்னாச்சுடா? எடைக்குப் போட்டாலும் ஏதாவது தேறுமே."