ஒன்றை மட்டும் மாற்று

தாபோடியில் இரயில் பாதையை ஒட்டிய ஓர் அறையில் மூவர் குடியிருக்கிறோம். சென்ற விடுமுறையில் ஊருக்குப் போகாமல் மிச்சம் பிடித்த பணத்தைக் கொண்டு, புத்வார் பேட்டில் பகுதி பகுதியாக வாங்கி, ஒரு கணிப்பொறியை நானே பூட்டினேன். ஆய்வுக் கணக்குகளைப் போட இனிப் பல்கலைக் கழகத்தில் முறை பார்த்துக் காத்திருக்க வேண்டியதில்லை. முதன்முதலில் திரை ஒளிர்ந்தபோது அறைத் தோழர்கள் கைதட்டினர்.

அம்மகிழ்ச்சி ஐந்து நாள் நீடித்தது. ஆறாம் நாள் இரவு திரை நீலமாயிற்று. பொறி தானே நின்று மீண்டும் தொடங்கிற்று. மறுநாள் இருமுறை. அதற்கடுத்த நாள் ஒன்றுமில்லை. கடுமையான கணக்கின்போது நிற்காத பொறி, பாட்டுக் கேட்கும்போது நின்றது. ஒழுங்கே இல்லாத நோய்க்கு என்ன மருந்து தேடுவது?

"கரண்ட் சரியில்லை" என்றான் ஒருவன். "இரயில் அதிர்ச்சியடா" என்றான் மற்றவன். நானோ கடைக்காரரை வைதேன். ஒரே ஞாயிற்றுக்கிழமையில், இரவல் வாங்கிய பவர் சப்ளையை மாட்டினேன். விண்டோசை அழித்து மீண்டும் ஏற்றினேன். கம்பிகளைக் கழற்றிப் பூட்டினேன். இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் மீண்டும் நின்றது. அப்போதுதான் என் மடமை விளங்கிற்று. மூன்றை ஒருசேர மாற்றியவன், பொறி குணமாகியிருந்தாலும் எதனால் குணமாயிற்று என்று அறியமாட்டான். ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்று என்று ஆய்வுக்கூடத்தில் கற்றதை வீட்டில் மறந்துவிட்டேன்.

பிறகு முறையாகத் தொடங்கினேன். மெம்டெஸ்ட்86 என்பது 1994-இல் கிறிஸ் பிராடி எழுதிய சோதனை நிரல். ராமின் ஒவ்வோர் இடத்திலும் எழுதி, எழுதியது அப்படியே திரும்புகிறதா என்று பார்க்கும். பென் டிரைவில் ஏற்றி இரவு முழுதும் ஓடவிட்டேன். காலையில் பிழைகள் வரிவரியாக நின்றன. பயாசில் ராமின் வேகத்தை உயர்த்தும் எக்ஸ்.எம்.பி. அமைப்பை நிறுத்தினேன், பிழை போகவில்லை. இரண்டு ராம்களில் ஒன்றைக் கழற்றினேன், பிழை நின்றது. கழற்றியதை மட்டும் மற்றதன் ஸ்லாட்டில் பொருத்தினேன். பிழையும் கூடவே வந்தது. ஆக, பழுது மதர்போர்டில் இல்லை. அந்த ஒரு ராமில்தான். ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓர் இரவு ஆயிற்று.

ஒழுங்கின்மையின் காரணமும் புலப்பட்டது. ஒழுகும் ஓட்டு வீட்டில் ஒழுக்கின் கீழ்ப் படுத்தவனே நனைவான். அவ்வாறே, பழுதான இடத்தில் அன்று எது போய் அமர்கிறதோ அதுவே கெடும்.

கதை இங்கு முடிந்திருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நிரலின் கட்டளை அங்கு அமர்ந்தால் பொறி நிற்கலாம். என் ஆய்வின் எண் அமர்ந்தால்? தவறான விடையை மெய்போல் தந்துவிட்டு மேலே செல்லும் அன்றோ!

பெல் ஆய்வுக்கூடத்தில் வார இறுதியில் ஓடவிட்ட கணக்கை, பிழை கண்டதும் பொறி கைவிட்டுவிட்டது கண்டு வெகுண்டார் ரிச்சர்டு ஹாமிங். பிழையைக் காணும் பொறி ஏன் அதைத் திருத்தக் கூடாது என்று எண்ணி, திருத்தும் குறியீட்டை வகுத்து 1950-இல் வெளியிட்டார். சர்வர்களில் உள்ள ஈ.சி.சி. ராம் அவ்வழி வந்தது. 64 பிட்டுகளுக்கு 8 பிட்டுகள் காவல் நிற்கும். என் பொறிக்கு அக்காவல் இல்லை.

நான் வைத கடைக்காரர் முகம் கோணாமல் ராமை மாற்றித் தந்தார். படிகங்களின் ஆற்றல் பற்றிய 40 கணக்குகளையும் மீண்டும் போட்டேன். 11 நாள் ஆயிற்று. 38 விடைகள் மாறவில்லை. மாறிய இரண்டில் ஒன்று, கருத்தரங்கில் நான் பெருமையுடன் காட்டிய புள்ளி.

சொல்லாதிருந்தால் எவரும் அறிந்திரார். இரண்டு நாள் தயங்கி, பின் பேராசிரியரிடம் சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசவில்லை. "திருத்திய படத்தை அடுத்த வாரம் நீயே எல்லோருக்கும் காட்டு" என்றார். காட்டினேன், கை நடுங்கிற்று.

தோழர்களே, புதுப்பொறி பூட்டினால் முதல் இரவை மெம்டெஸ்டுக்குக் கொடுங்கள். உங்கள் கணக்கை மறுநாள் தொடங்கலாம்.