அக்காவின் மூச்சு

மார்ச் 3
இன்று அக்காவுக்கு வி.க்யூ. ஸ்கேன். முகமூடி வழியே கதிரியக்க மருந்தை மூச்சிழுக்க வைத்தார்கள். பிறகு கையில் ஊசி. படத்தில் காற்று நுரையீரல் முழுக்கப் போயிருக்கிறது. ரத்தம் பல இடங்களில் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

முன்பு காலிலிருந்து கிளம்பி நுரையீரலை அடைத்த ரத்தக்கட்டிதான் காரணமாம். பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் அது கரைந்துவிடும். சிலருக்கு மட்டும் தமனியின் உட்சுவரோடு ஒட்டி, தழும்பாக இறுகிவிடும். அதை எதிர்த்துத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலப்பக்கம் வீங்குகிறது. மாடி ஏற முடியவில்லை என்று அவள் சொன்னபோதெல்லாம் ஆஸ்துமா என்று இன்ஹேலர்தான் கொடுத்தார்கள். இந்த ஸ்கேனை அப்போதே எடுத்திருக்கலாம் என்று நினைத்தால் மனசு ஆறவில்லை.

மார்ச் 9
“மாத்திரையிலேயே சரிபண்ண முடியாதா டாக்டர்?” என்று அம்மா கேட்டாள். 2013 முதல் ரியோசிகுவாட் இருக்கிறது. அழுத்தத்தைக் குறைக்கும், தழும்பை எடுக்காது. நுண்கிளைகளில் மட்டும் அடைப்பென்றால் பலூன் சிகிச்சை. ஜப்பானிய மருத்துவர்கள் செம்மைப்படுத்தியது. அக்காவுக்குப் பெரிய கிளைகளிலேயே இருப்பதால் அறுவைதான். நுரையீரல் ரத்த அழுத்த நோய்களில் அறுவையால் குணமாக வாய்ப்புள்ளது இது என்றார் டாக்டர். குணம் என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டேன்.

அறுவையை விவரித்தபோது அம்மாவின் கையைப் பற்றியிருந்தேன். உடலை 20 டிகிரி வரை குளிரவைத்து, இதய-நுரையீரல் இயந்திரத்தையும் நிறுத்திவிடுவார்களாம். இயந்திரம் ஓடும்வரை மூச்சுக்குழாய்த் தமனிகள் வழியே ரத்தம் வந்துகொண்டேயிருக்கும், உள்ளே எதுவும் தெரியாது. ஒரு தடவைக்கு 20 நிமிடம்தான். மறுபடி ரத்தத்தை ஓடவிட்டு, அடுத்த பக்கம். சுவரின் எந்த அடுக்கில் உரிப்பது என்பதில்தான் கைத்திறன் எல்லாம்: மேலோட்டமாக உரித்தால் நோய் தங்கும், ஆழமாகப் போனால் தமனி கிழியும். சரியாக உரித்தால், வேரோடு பிடுங்கிய செடிபோலக் கிளைகிளையாக வெளியே வருமாம்.

கலிபோர்னியாவின் சான் டியேகோவில் 1970இல் இந்த அறுவையைத் தொடங்கிவைத்தவர் நீனா பிரவுன்வால்ட். திறந்த இதய அறுவை செய்த முதல் பெண்களில் ஒருவர். இரவு அம்மாவிடம் அதைச் சொன்னேன்.

மார்ச் 20
அறுவை முடிந்தது. அழுத்தம் இறங்கிவிட்டது. புதிதாக ரத்தம் பாய்ந்த பகுதிகளில் நீர் கோத்ததால் வென்டிலேட்டரை உடனே எடுக்கவில்லை. இன்று எடுத்துவிட்டார்கள். “தண்ணி” என்றாள் அக்கா.

ஏப்ரல் 2
ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை ஆயுளுக்கும் உண்டு. கீரையை விடவேண்டாம், அளவு மாறாமல் சாப்பிட்டால் போதும்.

எதிர்வீட்டு மாமாவுக்கும் போன வருடம் நுரையீரலில் ரத்தக்கட்டி வந்தது. மாத்திரை ஒழுங்காகச் சாப்பிட்டும் தெருமுனை வரை நடந்தால் இன்னும் மூச்சு வாங்குகிறதாம். நாளையே எக்கோ எடுக்கச் சொல்லியிருக்கிறேன். வி.க்யூ. ஸ்கேன் என்பதைத் துண்டுச்சீட்டில் எழுதி மாமியிடம் கொடுத்தேன்.